ஐந்து கிலோமீட்டர் அவள், இருபது கிலோமீட்டர் நான்

பிப்ரவரி 12, ஞாயிறு

சைக்கிள் சங்கத்தில் இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். எவ்வளவு தூரம் ஓடினோம், எவ்வளவு தூரம் மிதித்தோம், காற்று எந்தத் திசை, எத்தனை மணி நேரம் உறங்கினோம், உடம்பும் மனசும் எப்படி என்று தினமும் எழுத வேண்டுமாம். சங்கத் தலைவர் எவுசேபியோ ஞாயிறுதோறும் வாங்கிப் பார்ப்பார். வயது அறுபத்து மூன்று, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் எழுதினால் எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டேன். "படிக்க மாட்டேன். எழுதியிருக்கியா இல்லையான்னு பாப்பேன்" என்றார். அவர் பேசுவது ஸ்பானிஷ். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதச் சொல்லி அச்சடித்திருக்கிறது. சிவதாணு, வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. காற்றாலைகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஸ்பெயினில் அல்பாசெத்தே என்ற இந்த ஊருக்கு வந்தேன். கடல் இல்லை, ஆறு இல்லை, ஊர் தோசைக்கல் மாதிரி சமம். மே மாதத்தோடு இரண்டு வருஷம் முடிகிறது. மனைவி பகவதி நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

மே 14-ஆம் தேதி சங்கத்தின் ஜோடி டுவாத்லான் பந்தயம். ஒருவர் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். அடுத்தவர் இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். பிறகு முதலாமவர் மறுபடி இரண்டரை கிலோமீட்டர் ஓட வேண்டும். நானும் பகவதியும் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன்.

"கேட்டுட்டுப் பேரு குடுக்கப்படாதா?" என்றாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"மே மாசப் பந்தயத்துக்கு பிப்ரவரியிலயா கடைசி நாள்?"

நான் நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். புதன்கிழமை ஆபீசில் இன்னொரு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். அதையும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் இரண்டு விஷயம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மிதித்தது: 32 கி.மீ. காற்று: மேற்கு, மணிக்கு 28 கி.மீ. உறக்கம்: ஆறு மணி நேரம். உடம்பும் மனசும்: நலம்.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஆலங்கட்டி மழை. பயிற்சி இல்லை. சொல்லவும் இல்லை.

பிப்ரவரி 16, வியாழன்

பகவதியின் முதல் பயிற்சி. ஊருக்குத் தெற்கே பைன் மரங்கள் உள்ள பூங்கா. சுடிதார், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. இரண்டு கிலோமீட்டர் ஓடினாள். அதில் பாதி நடந்தாள். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிஷம். நாய் பிடித்து வந்த ஒரு அம்மாள் இவளை முந்திப் போனாள். நாய் நொண்டி.

"எனக்கு எதுக்கு இந்தக் கோலம்?" என்றாள். "மே கழிஞ்சா ஊருக்குப் போயிருவம். அங்க கோட்டாறு ரோட்டுல ஓடப்போறனாக்கும்?"

நான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டேன்.

உறக்கம்: ஐந்து. உடம்பும் மனசும்: நலம்.

பிப்ரவரி 20, திங்கள்

ஆபீசிலிருந்து இன்மா எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாளாம். இன்மா எங்கள் ஆபீஸ் காகித வேலைகளைப் பார்ப்பவள். பகவதியின் பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்று கேட்டாளாம். பகவதி அனுப்பிவிட்டாளாம். இருவரும் பத்து நிமிஷம் பேசினார்களாம். பகவதியின் ஸ்பானிஷ் என்னுடையதைவிட நல்லது.

எதற்கு நகல் என்று இன்மா சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வேறெங்காவது போகும்.

சாயங்காலம் பகவதி தானாகவே ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான்கு கிலோமீட்டர் நிற்காமல் ஓடியிருக்கிறாள். நான்கே நாளில் இப்படியொரு முன்னேற்றம். வெயில் அடித்ததால் இருக்கலாம்.

பிப்ரவரி 21, செவ்வாய்

பகவதி: 4 கி.மீ. மீண்டும் நிற்காமல். இரவுச் சாப்பாட்டின்போது, "ஆபீசுல ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டாள். பதினேழாம் நம்பர் காற்றாலையின் இறக்கையில் பேரிங் தேய்ந்திருப்பதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்று எனக்கு மானம் போனது. எழுதித்தான் ஆக வேண்டும்.

மேடு இல்லாத ஊர், சைக்கிள்காரனுக்குச் சொர்க்கம் என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு ஞாயிறு வரட்டும். மேட்டுக்காவது ஒரு முடிவு உண்டு. இந்தக் காற்றுக்கு முடிவு கிடையாது. அதனால் இவர்கள் எட்டுப் பேராக வரிசையில் போகிறார்கள். முதல் ஆள் எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்குவார், பின்னால் உள்ளவர்கள் அவர் மறைவில் போவார்கள். இரண்டு நிமிஷம் ஆனதும் முதல் ஆள் முழங்கையை ஆட்டுவார். அடுத்தவர் முன்னால் வந்துவிட வேண்டும்.

முன்னால் எவுசேபியோ. பின்னால் நான். அவர் முழங்கையை ஆட்டினார். எனக்கு விஷயம் தெரியும். ஆனால் அறுபத்து மூன்று வயது மனுஷர், சங்கத் தலைவர். அவரை எப்படி முந்துவது? நான் பின்னாலேயே இருந்தேன். அவர் வேகத்தைக் குறைத்தார். நானும் குறைத்தேன். அவர் இன்னும் குறைத்தார். நானும் அப்படியே. கடைசியில் எட்டு சைக்கிளும் நடுரோட்டில் நின்றுவிட்டன. பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது.

"என்னப்பா, என் முதுகு அவ்வளவு அழகா?" என்று கேட்டார் எவுசேபியோ. இன்னொருவர் என்னை 'சக்கரம் உறிஞ்சி' என்றார். அடுத்தவன் மறைவிலேயே ஊர் போய்ச் சேருகிறவனுக்கு இங்கே அதுதான் பெயர்.

பகவதியிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "பெரியவர முந்தப்படாதுன்னு நெனச்சியளாக்கும்."

"பின்னே?"

"காத்தப்பூரா அவரு வாங்கணும். நீங்க மரியாதையா பின்னால இருப்பிய." இதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றிருந்தது.

மிதித்தது: 54 கி.மீ. உடம்பும் மனசும்: நலம், அவமானம் நீங்கலாக.

மார்ச் 1, புதன்

இன்று சொல்லிவிடுவதாக இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது மளிகை ரசீதுகளின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் ரசீதுகளில் கணக்குப் போடுகிறாள். அந்த நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது.

மார்ச் 9, வியாழன்

கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விடுப்பு மே 31-இல் முடிகிறது. பணிக்குத் திரும்புவது பற்றி மே 12, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்க வேண்டும். இந்திய நேரம், இங்கே அப்போது பகல் ஒன்றரை. தெரிவிக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை நியமிப்பார்கள். பகவதி அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறாள்.

பால் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. தினமும் எடுக்க வேண்டும்.

மார்ச் 12, ஞாயிறு

பகவதி முதல்முறையாக ஐந்து கிலோமீட்டரை முழுதாக ஓடினாள். 34 நிமிஷம் 10 விநாடி. எவுசேபியோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "உன் பொண்டாட்டி யாரையோ அடிக்கத் துரத்திட்டுப் போறவ மாதிரி ஓடறா. யாரை?" என்று கேட்டார். என் ஸ்பானிஷ் போதாததால் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

முன்னேற்றத்துக்குக் காரணம் புது ஷூ என்று நினைக்கிறேன்.

மார்ச் 28, செவ்வாய்

ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து யோசித்தேன். எண்பது மீட்டர் உயரம். நான் மேலே இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. ஊரில் நான் இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்க வேண்டியவன். இங்கே நான் சைக்கிளில் போகும் ஒரு ஆள். நாற்பத்தாறு வயதில் ஒரு விஷயம் பிடித்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேலதிகாரி கேட்டதும் மனசு குதித்தது. குதித்த மனசு வீட்டை மறந்துவிட்டது. வெளியே வந்து லிஃப்டில் இறங்கும்போதுதான் பகவதி ஞாபகம் வந்தாள். நான்கு மாடிக்கு நல்ல நேரம் பிடிக்கிற லிஃப்ட். திரும்பிப் போயிருக்கலாம்.

இதைச் சொல்லலாம். சொல்ல முடிகிற விஷயம்தான்.

இரவு அவள் கேட்டாள், "ஆபீசுல விசேஷம் உண்டா?" பேரிங் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். சங்கத்துக்கு விடுமுறை. பதின்மூன்று கிலோமீட்டரில் சின்சிய்யா என்ற ஊர் இருக்கிறது. சுற்று வட்டாரத்துக்கு ஒரே குன்று அங்கேதான். மேலே ஒரு கோட்டை. பகவதியை அழைத்துப் போனேன். உச்சியில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கோட்டைச் சுவர் வரை ஏறினோம். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கு வாங்கியது. கீழே சமவெளி முழுக்க கோதுமை பச்சை. கருப்பட்டியை உடைத்து ஆளுக்குப் பாதி தின்றோம். பகவதி என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்கிய. என்னவோ இருக்குன்னு நெனச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். "அன்னா தெரியுது பாரு, வரிசையா. அதுல இடப்பக்கம் மூணாவது, அதான் பதினேழாம் நம்பர்."

அவள் அந்தத் திசையில் வெகுநேரம் பார்த்தாள். "சுத்துதே" என்றாள்.

"பேரிங் மாத்தியாச்சு."

இறங்கும்போது அவள் முன்னால் போய்விட்டாள்.

உடம்பு: நலம். மனசு: எழுத இடம் இல்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

பகவதி, 5 கி.மீ.: 30 நிமிஷம் 40 விநாடி. சங்கத்துப் பெண்கள் அவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார்கள். கேழ்வரகு என்று நான் பதில் சொன்னேன். பகவதி என்னைப் பார்த்த பார்வையை அவர்களும் பார்த்தார்கள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை. இருபது வருஷத்தில் அவள் என்னிடம் மூன்று முறைதான் உண்மையாகக் கோபப்பட்டிருக்கிறாள். மூன்று முறையும் சத்தம் போடவில்லை. பேசுவதை மட்டும் அளவாகப் பேசினாள். சோறு சூடாக இருக்கும், சட்டை தேய்த்திருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. அப்படி ஒரு வாரம் இருந்தது, மகள் பிறப்பதற்கு முன்னால். அந்த வாரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த ஊரில் பேச எனக்கு வேறு ஆளும் இல்லை.

முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு தப்பு. இப்போது சொன்னால் எழுபத்து நான்கு தப்பு. நாளுக்கு நாள் கூடுகிறது. அவள் கணக்குப் பேராசிரியை, எண்ணிவிடுவாள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

எதிர்க்காற்றில் மூன்று தடவை முன்னால் போய் இழுத்தேன். எவுசேபியோ முதுகில் தட்டினார். பந்தயத்துக்கு ஒரு விதி சொன்னார். நேரத்தை அளக்கும் சிப் ஜோடிக்கு ஒன்றே ஒன்றுதான். அதைப் பட்டையில் வைத்துக் கணுக்காலில் கட்டியிருப்பார்கள். வந்து சேர்கிறவர் தன் காலிலிருந்து கழற்றி, அடுத்தவர் காலில் தன் கையாலேயே கட்டிவிட வேண்டும். கட்டாமல் புறப்பட்டால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை.

வீட்டில் ஒத்திகை பார்க்கலாம் என்றேன். "அன்னைக்குப் பாத்துக்கிடலாம்" என்றாள்.

மே 8, திங்கள்

ஃபிரிட்ஜ் கதவில் உள்ள தேதிக்கு நான்கு நாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பார்த்தால் ஊருக்குப் போவது உறுதி என்று நம்பியிருக்கிறாள் போல. பாவம்.

நாளை சொல்கிறேன்.

மே 9, செவ்வாய்

காற்று மணிக்கு 45. கோபுரத்தில் ஏறத் தடை. வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன். சீக்கிரம் வந்ததைத் தவிர விசேஷம் இல்லை.

மே 12, வெள்ளி

பந்தயத்தை முன்னிட்டு அரைநாள் விடுப்பு. ஒரு மணிக்கு பால்கனியில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பகவதி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். உள்ளே சாப்பாட்டு மேசையில் அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?"

"ஏழு பார் காத்து போதும்னு எவுசேபியோ சொல்லுதாரு. நான் எட்டு வைக்கலாமான்னு பாக்கேன்."

"வேற?"

"சாயங்காலம் போயி நம்பரு வாங்கணும்."

அவள் நின்றாள். நான் பம்பை அழுத்தினேன். பம்பின் அழுத்தமானி முள் ஏழு பாரைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் இறக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

ஒன்றரைக்குப் பிறகு தண்ணீர் எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் கடிதம் இல்லை. காந்தம் மட்டும் இருந்தது. பதில் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது. என்ன பதில் என்று கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டி வரும். பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசிவிடலாம்.

உறக்கம்: மூன்று மணி நேரம்.

மே 14, ஞாயிறு

பந்தயம். முழுவதும் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. தென்மேற்கிலிருந்து காற்று, மணிக்கு 30. நாற்பத்தொரு ஜோடி. எங்கள் பிரிவில், அதாவது இருவர் வயதும் நாற்பதுக்கு மேல் உள்ள கணவன் மனைவி ஜோடியில், மூன்று ஜோடி.

பகவதி முதல் ஐந்து கிலோமீட்டரை 27 நிமிஷம் 5 விநாடியில் முடித்து, சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. தன் கணுக்காலிலிருந்து பட்டையைப் பிய்த்தாள். என் காலில் கட்டுவதற்காகக் குனிந்தாள்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். காலருகே ஒருவர் குனிந்ததும் என் வலது கை தானாகத் தூக்கிக்கொண்டது. அவள் தலைக்கு மேலே கையை நீட்டி, "நல்லாயிரு" என்றேன். எல்லாக் கல்யாண வீட்டிலும் செய்து செய்து வந்த பழக்கம். எண்ணிச் செய்யவில்லை.

பகவதி நிமிர்ந்து பார்த்தாள். "கையத் தூரமா எடுங்க. கால முன்னால வையிங்க" என்றாள். பக்கத்தில் நின்ற நடுவர் அது எங்கள் மதச் சடங்கு என்று நினைத்து மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார்.

இருபது கிலோமீட்டர். போகும்போது காற்று முதுகில். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். திரும்பும்போது முகத்தில். எனக்கு முன்னால் ஒரு கூட்டம் இருந்தது. அதன் மறைவில் போயிருக்கலாம். முன்னால் போனேன். ஏன் என்று தெரியவில்லை. தொடை எரிந்தது. எரிந்த தொடையோடு மனசும் ஒன்றைத் தீர்மானித்தது: கட்டும்போது சொல்லிவிடுவேன். குனிந்திருக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வந்து சேர்ந்தேன். சைக்கிளை மாட்டினேன். மண்டியிட்டேன். அவள் கணுக்காலில் உப்புப் பூத்திருந்தது, குதிகாலில் கொப்புளம் உடைந்து ரத்தம். கொப்புளம் வந்ததை எனக்குச் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை.

"பகவதி, நான் இங்க இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். பிப்ரவரியிலயே."

"தெரியும். கட்டுங்க."

"எப்பத் தெரியும்?"

"கட்டுங்க மொதல்ல. நேரம் போகுதுலா."

கட்டினேன். ஓடினாள். நான் மண்டியிட்டபடியே இருந்தேன். நடுவர் வந்து கை கொடுத்து எழுப்பிவிட்டார்.

இரண்டரை கிலோமீட்டருக்கு அவளுக்குப் பதின்மூன்று நிமிஷம் ஆனது. இந்தப் பதின்மூன்று நிமிஷத்தில் நான் பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு நாளையும் திரும்பப் பார்த்தேன். இன்மாவின் போன். பாஸ்போர்ட் நகல். அன்று சாயங்காலமே அவள் நான்கு கிலோமீட்டர் ஓடியது. ஷூ என்றும் வெயில் என்றும் கேழ்வரகு என்றும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

முடித்துவிட்டு வந்து புல்லில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"இன்மா சொன்னா. 'உங்க வீட்டுக்காரருக்கு நல்ல சந்தோசம், உங்களுக்கும் சந்தோசமா'ன்னு கேட்டா. சந்தோசம்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா நீ."

"தெனமும் கேட்டேன். ஆபீசுல விசேஷம் உண்டான்னு. பேரிங்கு வருதுன்னிய."

மீதித் தண்ணீரை நான் குடித்தேன்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்துது. ஒரு மாசம் இருந்துது. பொறவு யோசிச்சேன். இந்த மனுசன் இப்படி ஆசைப்பட்டு நான் பாத்ததே இல்ல. கல்யாணத்துக்குக்கூட இப்படி ஆசைப்படல. இருந்துட்டுப் போவமேன்னு தோணிச்சு. இருக்கேன்னு ஒரு கடிதம், திரும்ப வாறேன்னு ஒரு கடிதம், ரெண்டும் எழுதி வச்சிருந்தேன். நீங்க வாயத் தொறந்து சொன்னா முதல் கடிதம். சொல்லலன்னா ரெண்டாவது. வெள்ளிக்கிழம ஒண்ணரை வரைக்கும் பாத்தேன்."

"எத அனுப்பின?"

"டயருக்கு ஏழு பாருன்னு சொன்னிய. அதுக்கு எது பொருத்தமோ அத அனுப்பினேன்."

ஒலிபெருக்கியில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று ஜோடியில் மூன்றாவது. மேடையில் ஏறினோம். பரிசு ஆளுக்கொரு மடக்குக் கத்தி. இந்த ஊர் கத்திக்குப் பேர்போன ஊர். எவுசேபியோ எங்கள் இருவரையும் கட்டிப் பிடித்து, "என்ன அழகான ஜோடி" என்றார். போட்டோ எடுத்தார்கள். பகவதி போட்டோவுக்குச் சிரித்தாள். அவள் கையில் கத்தி இருந்தது.

மே 15, திங்கள்

ஓய்வு. மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அது மன்னித்ததற்கான 'சரி' இல்லை.

உடம்பு: வலி. மனசு: கேவலம்.

மே 27, சனி

பகவதியை மத்ரித் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். இரண்டரை மணி நேர ரோடு. ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று பெட்டி. கத்தியைப் பெரிய பெட்டியின் அடியில் சேலைக்குள் வைத்திருக்கிறாள். இங்கே விட்டுப்போவாள் என்று நினைத்தேன்.

உள்ளே போகும் முன் சொன்னாள். "நான் கோவிச்சுக்கிட்டுப் போகல. வேலைக்குப் போறேன். எனக்கும் பிடிச்ச ஒண்ணு உண்டு. அத நீங்க மறந்திட்டிய, நான் மறந்திரக்கூடாதுலா."

"நானும் வந்திருவேன்" என்றேன்.

"எப்படி? மூணு வருசம் போட்டிருக்கே." பிறகு கொஞ்சம் நின்று, "அந்த ஒப்பந்தத்த வாசிச்சியளா? பன்னெண்டாம் பக்கம்?" என்றாள்.

"இல்ல."

"இன்மா எனக்கு ஒரு நகல் அனுப்பினா. மூணு மாசத்துக்கு முன்னால எழுதிக் குடுத்தா விட்டுட்டு வரலாம். வரச்சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. வரண்டாம்னும் சொல்லல. எழுதியிருக்குன்னு சொல்லுதேன், அவ்வளவுதான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு திரும்பிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். கையை ஆட்டினாள்.

ஜூன் 1, வியாழன்

இன்று அவள் கல்லூரியில் சேர்ந்திருப்பாள். மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. 'சேர்ந்தாச்சு' என்று ஒரு வரி வந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தேன். அவள் சொன்னபடியே இருக்கிறது.

ஜூன் 6, செவ்வாய்

மிதித்தது: 40. பேசியது: 0. அவள் போனை எடுப்பதில்லை. 'சாப்பிட்டாச்சு', 'இங்க மழை', 'மகள் வந்திருக்கா' என்று மட்டும் எழுதுகிறாள். அலமாரியில் மளிகை ரசீதுகள் ஒரு கட்டு இருந்தன. கணக்குகளைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

எவுசேபியோ நோட்டை வாங்கிப் பார்த்தார். "நிறைய எழுதறே" என்றார். "பொண்டாட்டி எப்ப வருவா?" என்று கேட்டார். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "நீ எப்பப் போவே?" என்று கேட்டார்.

இரவு உட்கார்ந்து ராஜினாமாக் கடிதத்துக்கு முதல் வரி எழுதினேன். நாளை காலை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு, மூன்று மாசம் முடிந்ததும் டிக்கெட் போட்டு, சொல்லாமல் நேராக வீட்டு வாசலில் போய் நின்றால் பகவதி ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன்.

பிறகு அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 12, திங்கள்

காலை எட்டு மணிக்கு பகவதிக்கு எழுதினேன். 'ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்னும் ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.'

ஒரு நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். பின்னால் கல்லூரி வராந்தாவின் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க."

"வேலைய விட்டுட்டு வந்திரலாமான்னு யோசிக்கேன். கடிதம் எழுதல. உங்கிட்ட கேக்காம எழுதப்படாதுன்னு."

"எனக்காகவா?"

"தெரியல. எனக்கு இந்த ஊரு பிடிச்சிருக்கு, பகவதி. அத உங்கிட்ட சொல்லவே இல்ல. ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ இல்லாத இந்த வீடு பிடிக்கல. ரெண்டும் உள்ளதுதான். எதச் செய்யன்னு எனக்குத் தெரியல."

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரியல" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "பெல் அடிச்சிட்டு. பிள்ளைய காத்திருக்கு. சாயங்காலம் கூப்பிடுங்க, பேசுவோம்."

"எடுப்பியா?"

"எடுக்கேன்."

சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கடிதம் இன்னும் எழுதவில்லை.